மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்: பயாப்ஸி முதல் கை முழுதாக உயரும் வரை. வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

மார்பில் கட்டி தென்பட்ட வீட்டில் முதல் வாரத்திலேயே இரண்டு பேச்சு கிளம்பும். "ஊசி குத்தினா பரவிடும்" என்பது ஒன்று. "அவங்களுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாங்க" என்பது இன்னொன்று. குடியாத்தமானாலும் ஆற்காடானாலும் ஒடுகத்தூரானாலும் இது மாறுவதில்லை. இரண்டும் சிகிச்சையைப் பின்னுக்கு இழுப்பவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1. கட்டி எதுவென்று உறுதி செய்வது

மருத்துவர் கையால் பார்ப்பது, மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும், பயாப்ஸி (சதை எடுத்துச் சோதிப்பது) ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. கோர் பயாப்ஸி என்பது மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போன்ற சதைத் துண்டுகள் சிலவற்றை எடுப்பது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதனால் நோய் பரவாது. இது இல்லாமல் எந்த மருந்து வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் துண்டில்தான் இ.ஆர்., பி.ஆர். (ஹார்மோனால் வளரும் கட்டியா), ஹெர்-2 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம் மிகுதியா) என்ற மூன்று சோதனைகளும் செய்கிறார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. "சின்னக் கட்டிதானே, எடுத்துப் போட்டுடலாம்" என்று பயாப்ஸி செய்யாமலே பக்கத்து நர்சிங் ஹோமில் கட்டியை மட்டும் எடுத்துவிடுவது. புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்ந்து வர வேண்டும். அது தெரியாமல் தோண்டி எடுத்தால் விளிம்பில் நோய் மிச்சம் இருக்கும், இரண்டாவது ஆபரேஷன் வரும். எடுத்த சதை சோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போவதும் உண்டு. ஏற்கனவே அப்படி ஆகிவிட்டிருந்தால் மனம் உடைய வேண்டாம். அங்கே போய் ரிப்போர்ட், கண்ணாடி ஸ்லைடு, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி மூன்றையும் கேட்டு வாங்கி, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவற்றை மறுபடி சோதிக்க முடியும்.

அடுத்தது, நோய் வந்த பெண்ணிடமே அதைச் சொல்வது. மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். படிவத்தில் "மார்பகம் அகற்றுதல்" என்று எழுதியிருக்கும். தியேட்டர் வாசலில் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விடக் கொடுமை வேறில்லை. வீட்டில் அவர் யாரை நம்புகிறாரோ அவர், கூட்டம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்: "இது புற்றுக்கட்டிதான். வைத்தியம் இருக்கு. ஒவ்வொண்ணும் உங்கிட்ட கேட்டுத்தான் செய்வோம்." அதற்கு மேல் அன்று பேச வேண்டாம். அவர் அழட்டும், கேட்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

2. எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது

வேலூரில் சி.எம்.சி.யும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. சுமார் 70 கி.மீ. தொலைவில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. சென்னையில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றைக் கேளுங்கள்: ஆபரேஷன், கீமோ (புற்றுநோய் மருந்து ஏற்றுவது), ரேடியேஷன் (கதிர் வைப்பது) மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் எது எங்கே என்று இப்போதே எழுதி வாங்குங்கள். சி.எம்.சி.க்கு டவுன், பாகாயம், ராணிப்பேட்டை என்று பல வளாகங்கள் உண்டு. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, எல்லார் ஆதாரும், வருமானச் சான்றும் வேண்டும். சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். காப்பீட்டுக் கார்டுக்குச் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனை இத்திட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து பணம் கட்டி முடித்துவிட்டு, பிறகு பில்லைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள். அதனால் பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்காமல் அந்த நாட்களிலேயே கார்டு வேலையை முடித்துவிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கும். சாதாரண நோய் விடுப்புக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. இது தெரியாமலே பலர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள், முதலில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போங்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வருவோர், மருத்துவமனை தரும் படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் 3 ஏசி-யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும் துணைக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு.

3. எந்த ஆபரேஷன்

கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றுவது ஒரு வகை. மார்பகம் முழுவதையும் எடுப்பது இன்னொன்று. "முழுசா எடுத்துட்டாத்தான் நிம்மதி" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் தகுந்தவர்களுக்கு, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் ஆயுள் அதே அளவுதான். இதை 20 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒரு நிபந்தனை: ரேடியேஷனைத் தவறாமல் முடிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வந்துபோக வழியே இல்லை என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ முழுதாக எடுக்கச் சொல்வார்கள். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதும் உண்டு. அது ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது ஆகாது, சிகிச்சை அன்றே தொடங்கிவிட்டது.

அக்குளில் உள்ள நெறிகளுக்கும் (நிணநீர் முடிச்சுகள்) இரண்டு வழி. நெறியில் நோய் தென்படாதபோது, நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். (மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் அலற வேண்டாம், அந்தச் சாயம்தான்.) நோய் ஏறியிருந்தால் பெரும்பாலும் நெறிகளைக் கூட்டமாக எடுப்பார்கள். இது முக்கியம், ஏனென்றால் பின்னால் கை வீங்குவதற்கான வாய்ப்பு இதைப் பொறுத்தது. ஆபரேஷனுக்கு முந்தைய பேச்சில் கேளுங்கள்: "அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள்?"

4. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் உட்பட, ஒரே பையில் போட்டு மயக்க மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் அன்று காலை என்ன செய்வது, பி.பி. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா என்ற மூன்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது. இந்த வாரமே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர் இப்போதே நிறுத்த வேண்டும். புகையிலை தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், தையல் ஓரம் கறுத்துப்போகும்.

அக்குள் முடியை வீட்டில் பிளேடால் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி ஏறும். தேவை என்றால் மருத்துவமனையிலேயே மெஷினால் வெட்டிவிடுவார்கள்.

நகைகள். தாலி, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். உலோகம் இருந்தால், ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவியால் தோல் கருகும் ஆபத்து உண்டு. பல ஆண்டாகக் கழற்றாத மெட்டி இறங்காது. அன்று காலையில் போராட்டம் ஆகும். இரண்டு நாள் முன்பே சோப்பு நுரை தடவி, விரலில் நூல் சுற்றி இறக்கிவிடுங்கள். தாலியைக் கழற்றுவது எத்தனை பாரம் என்று தெரியும். வீட்டுப் பெரியம்மா ஒருவர், வீட்டிலேயே, சாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் மனசு ஆறும். அந்தக் கயிறு தியேட்டருக்குள் வரலாமா என்பதை நர்ஸ் சொல்வார்.

பையில் எடுத்துப்போக வேண்டியவை: முன்பக்கம் ஜிப் வைத்த தளர்வான நைட்டி மூன்று, சின்னத் தலையணை இரண்டு, மி.லி. குறியிட்ட அளவுக் கோப்பை, நோட்டு, பேனா, துணியில் தைத்த சுருக்குப் பை இரண்டு. சுருக்குப் பை எதற்கு என்று ஆறாவது பகுதியில் வரும்.

5. ஆபரேஷன் நாள்

பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்போடு நிறுத்தம். கொழுப்பான சாப்பாடு என்றால் 8 மணி. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை. உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்று கொடுத்துவிடாதீர்கள். பால் கலந்த காபியைத் திட உணவாகத்தான் கணக்கு வைப்பார்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் சுமார் 2 மணி நேரம். மயக்கம் தெளிந்து வார்டுக்கு வர இன்னும் இரண்டு மூன்று மணி ஆகும். வெளியே காத்திருப்பவர்கள் இரண்டு பேர் போதும். வார்டில் பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாள்.

6. டியூப்: வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய வேலை

அக்குளிலிருந்தும் மார்பிலிருந்தும் கசியும் நீரை வெளியேற்ற ஒன்றோ இரண்டோ டியூப் வைத்து, அமுக்கினால் சுருங்கும் பிளாஸ்டிக் பாட்டிலோடு இணைத்திருப்பார்கள். பாட்டில் சுருங்கி இருக்கும்வரை உறிஞ்சும். உப்பிவிட்டால் உறிஞ்சாது, நீர் உள்ளேயே தேங்கும், தோல் சதையோடு ஒட்டாது. பெரும்பாலும் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் நர்ஸ் முன்னால் வீட்டுக்காரர் ஒருவர் தன் கையால் ஒருமுறை செய்து காட்டிவிட்டே கிளம்ப வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

1. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
2. டியூபில் உள்ள கிளிப்பை மூடுங்கள்.
3. பாட்டில் மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது.
4. பாட்டிலை மேசை மேல் வைத்து முழுதாக அமுக்குங்கள். அமுக்கிய கையை எடுக்காமலே மூடியைப் போடுங்கள்.
5. கிளிப்பைத் திறங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "நேத்து 120 வந்துச்சு, இன்னிக்கு ஒண்ணுமே வரல, நின்னுடுச்சு" என்று சந்தோஷப்படும் முன் கிளிப்பைப் பாருங்கள்.
6. தேதி, நேரம், எத்தனை மி.லி., என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு பாட்டில் என்றால் இரண்டு கட்டம்.

நிறம் முதலில் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், பிறகு வைக்கோல் மஞ்சள் என்று மாறும். அளவு நாளுக்கு நாள் குறையும். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழ், தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நோட்டு இல்லாமல் போனால் மருத்துவர் ஊகத்தில் எடுக்க வேண்டிவரும். சமையலறை டம்ளரால் அளக்காதீர்கள், 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது.

உறைந்த ரத்தம் நூல்போல் டியூபுக்குள் தெரிந்தால் அடைக்கப் போகிறது என்று அர்த்தம். தோலோரம் டியூபை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் இறுக்கிப் பாட்டில் பக்கம் வழித்துவிடுங்கள், பால் கறப்பதுபோல. டியூபைச் சுற்றிக் கட்டுத் துணி திடீரென நனைந்தாலும் பெரும்பாலும் அடைப்புதான் காரணம். அமுக்கிய பாட்டில் கொஞ்ச நேரத்தில் காற்றால் உப்பினால் இணைப்பு தளர்ந்திருக்கும். இறுக்கியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். டியூப் உருவிக்கொண்டு வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணி வைத்து ஒட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

பாட்டில் எப்போதும் புண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டும். அங்கேதான் சுருக்குப் பை. பாட்டி வெற்றிலை பாக்கு வைத்து இடுப்பில் செருகிய அதே பைதான், கொஞ்சம் பெரிதாக. நீளமான நாடா வைத்துக் கழுத்தில் மாட்டி, பாட்டிலை உள்ளே போட்டு நைட்டிக்குள் தொங்கவிட்டால் வெளியே தெரியாது, இழுக்காது. ஒன்று நனைந்தால் மற்றொன்று.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்: ஒரு மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் புது ரத்தம் வந்தால், மார்பு திடீரெனப் பலூன்போல் உப்பி வலித்தால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, சீழ், நாற்றம், பரவும் சிவப்பு தென்பட்டாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

7. வீடு போய்ச் சேர்வதும் புண்ணும்

பஸ்ஸில் போவதென்றால் நடுவில், ஆபரேஷன் ஆகாத பக்கம் ஜன்னலோரம் வரும்படி உட்கார வையுங்கள். கடைசி சீட் வேண்டவே வேண்டாம். காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையில் சின்னத் தலையணை.

கட்டு நனையக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாள்வரை, இடுப்புக்குக் கீழ் குளியல், மேலே ஈரத்துணி. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது பிளாஸ்திரிக்கு அடியில் வேர்த்து அரிக்கும். மின்விசிறிக் காற்றுப் படும்படி படுக்க வையுங்கள். அரிப்பு கொப்புளமாக மாறினால் வேறு வகை பிளாஸ்திரி கேளுங்கள். புண் மேல் மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். டியூப் எடுத்தபின் அக்குளில் தண்ணீர்ப் பைபோல் குலுங்கினால் அது தேங்கிய நீர். அடிக்கடி வருவதுதான். சிறிதானால் தானே வற்றும், பெரிதானால் மருத்துவர் ஊசியால் எடுப்பார். வீட்டில் அழுத்திப் பிதுக்காதீர்கள்.

மேல் கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும். எடுத்துவிட்ட மார்பில் இன்னும் அரிப்பதுபோல், சுரீரென்று இழுப்பதுபோல் இருக்கும். இரண்டும் நரம்பால் வருபவை. நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பல பெண்கள் ராத்திரியில் பயந்துகொண்டே படுத்திருக்கிறார்கள். நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்.

சாப்பாட்டில் புரதம்தான் முக்கியம். 55 கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 65 முதல் 80 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், பால் 200 மி.லி.யில் 6 கிராமுக்கு மேல், 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10. வெறும் கஞ்சியும் ரசமும் கொடுத்தால் இந்தக் கணக்கு எட்டாது. இங்கே பத்தியம் என்று முதலில் நிறுத்துவது கத்திரிக்காயைத்தான். "கரப்பான், புண் அரிக்கும்" என்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் புண்ணை ஒன்றும் செய்யாது. மீனும் முட்டையும் கூடாது என்பதிலும் அர்த்தமில்லை. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

8. கை

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை அசைத்தால் தையல் பிரியும் என்று பயந்து, மடக்கி வயிற்றோடு ஒட்டியே வைத்துக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் தோள் இறுகிவிடும். பிறகு ரேடியேஷனுக்குப் போனால் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி அசையாமல் படுக்க வேண்டும். ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதுதான். கை தூக்க வராததால் அந்தச் சிகிச்சை தள்ளிப்போகும். ஆகவே முதல் நாளே தொடக்கம்.

முதல் நாள் முதல் டியூப் எடுக்கும்வரை: விரலை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைப் பின்பக்கம் உருட்டுவது, ஆழமாக மூச்சு இழுப்பது. ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். தலை சீவலாம், தட்டிலிருந்து சாப்பிடலாம். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை.

டியூப் எடுத்து, மருத்துவர் சரி என்றபின்: சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கை விரல்களாலும் நண்டு ஏறுவதுபோல் மேலே ஏறுங்கள். இழுக்கும் இடத்தில் நின்று, 5 எண்ணி, அதேபோல் இறங்குங்கள். 5 முதல் 10 தடவை. எட்டிய இடத்தில் சுவரில் கரிக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நல்ல கை எட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைவெளி குறைவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் செய்ய ஆர்வம் வரும். பேரப்பிள்ளைகளிடம் கோடு போடும் வேலையைக் கொடுங்கள், ஒரு நாளும் மறக்க மாட்டார்கள். அடுத்து, மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் துடைப்பக் கட்டையைப் பிடித்துத் தலைக்கு மேல் மெல்லக் கொண்டுபோவது. நல்ல கை நோயான கையைக் கூட்டிப்போகும். இழுப்பது சரி. குத்தும் வலி என்றால் நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்தால் எளிது.

ஒரு சிலருக்கு இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் வீணைக் கம்பிபோல் விறைப்பாக ஒன்று தட்டுப்படும். கை நீட்டினால் இழுக்கும். நரம்பு அறுந்துபோகும் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. இதற்கு மருந்தே நீட்டும் பயிற்சிதான். பிசியோதெரபிஸ்ட் சில வாரத்தில் சரிசெய்வார். மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பளு: முதல் ஆறு வாரம் அந்தக் கையால் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் சுமார் 15 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, ஈரப் போர்வை பிழிவது, குழந்தையை இடுப்பில் வைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

9. வீடும் தெருவும்

"எது வேணும்னாலும் சொல்லு" என்று பத்துப் பேர் சொல்வதை விட, ஒரு வேலையை ஒருவர் எடுத்துக்கொள்வதே உதவி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரோடு எழுதுங்கள்: டியூப் அளப்பது மகள், மருத்துவமனைக்குக் கூட வருவது தம்பி, காலைத் தண்ணீர் பக்கத்து வீடு, மதியச் சாப்பாடு நாத்தனார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கணவர். மருத்துவர் முன்னால் போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளாக இருக்கட்டும். ஆள் மாறினால் சொன்னது பாதி காற்றில் போகும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் தவணை இருந்தால் தலைவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சங்கக் கூட்டத்தில் தவணை கேட்டு ஆள் வந்தபின் விளக்குவது அவருக்கு அவமானம்.

பார்க்க வருபவர்கள் முதல் இரண்டு வாரம் அளவோடு வரட்டும். வாசலிலேயே "ஐயோ, இன்னாமா இப்டி ஆயிட்ட" என்று தொடங்கும் உறவை, வீட்டுக்காரர் ஒருவர் திண்ணையிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பலாம், தவறில்லை. செத்துப்போனவர் கதை கொண்டுவருபவர்களையும் அப்படியே. வந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே: பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமாகப் பேசுவதைப் பேசுவது. இது தொற்றாது. அதே தட்டு, அதே டம்ளர், அதே பாய். தனித் தட்டு வைத்த வீட்டில் அந்தப் பெண் எப்படி உடைந்துபோகிறாள் என்பதை ஆபரேஷன் தழும்பு காட்டாது.

கணவருக்கு: தழும்பை முதல் தடவை பார்ப்பதற்கு அவர் தயாராகும்வரை காத்திருங்கள். ஆனால் பார்க்க மாட்டேன் என்று முகம் திருப்பாதீர்கள். கட்டு மாற்றும்போது கூட இருந்து பஞ்சு எடுத்துக்கொடுத்தாலே போதும்.

10. ரிப்போர்ட் வந்ததும்

எடுத்த சதையின் ரிப்போர்ட் வர ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதில் பார்க்க வேண்டியவை: கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக வளர்பவை என்பது), விளிம்பில் நோய் இருக்கிறதா, நெறிகளில் எத்தனைக்கு எத்தனை. 2/14 என்றால் எடுத்த 14-ல் 2-ல் நோய். பிறகு இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. இவற்றை வைத்துத்தான் கீமோ, ரேடியேஷன், ஹெர்-2 ஊசி, ஹார்மோன் மாத்திரை எல்லாம் முடிவாகும்.

"கட்டியை எடுத்தாச்சே, இனி எதுக்கு கீமோ? உடம்பு தேறட்டும், நாட்டு வைத்தியம் பாக்கலாம்" என்ற பேச்சு இங்கேதான் வரும். கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் திரியும் செல்களுக்குத்தான் இந்த மருந்து. கீமோ தேவைப்படுபவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 90 நாளைத் தாண்டினால் பலன் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆடி மாதம், திருவிழா, கல்யாணம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. வலியில்லை என்று இடையில் நிறுத்துபவர்கள் ஏராளம். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் வந்திருந்தாலோ, அம்மா, சித்தி, அக்கா, தங்கைக்கு மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்தாலோ மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். மகளைப் பயமுறுத்துவதற்காக இல்லை, அவர் எப்போது பரிசோதனை தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

11. ரவிக்கை

முதல் ஆறு வாரம் இறுக்கமான எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணிப் பையில் பஞ்சு வைத்து உள்ளாடைக்குள் வைத்தால் போதும். புண் நன்றாக ஆறியபின் சிலிகான் மார்பு வாங்கலாம். விலை கட்டாவிட்டால், இரட்டைத் துணிப் பையில் பஞ்சும், எடைக்குக் கொஞ்சம் கடுகும் தைத்து மறு மார்பின் எடைக்குச் சமமாக்கலாம். துவைக்கும்முன் கடுகை எடுக்க வழி வைத்துத் தையுங்கள். எடை சமமில்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாயும், கழுத்து வலிக்கும். டெய்லரிடம் அந்தப் பக்கத்து ரவிக்கைக் கையை இரண்டு அங்குலம் தளர்த்தச் சொல்லுங்கள். அக்குள் தையல் தழும்பில் உரசக் கூடாது.

12. வளையல் இறுகுகிறதா

அக்குள் நெறிகளைக் கூட்டமாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ கை வீங்கலாம். சாயம் வைத்து ஒன்றிரண்டு மட்டும் எடுத்தவர்களுக்கு இது மிகக் குறைவு. இது யானைக்கால் கொசுவால் வருவது அல்ல, யாருக்கும் ஒட்டாது. ஆனால் முற்றவிட்டால் திரும்பாது.

முதல் அடையாளம் கண்ணுக்குத் தெரியாது, வளையலுக்குத் தெரியும். நேற்றுவரை மணிக்கட்டில் புரண்ட கண்ணாடி வளையல் இன்று தடம் பதிக்கும். ரவிக்கைக் கை கோடு போடும். மோதிரம் இறங்காது. மாதம் ஒருமுறை டெய்லர் டேப்பால் இரண்டு கையையும், முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. கீழேயும் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை அளந்திருந்தால் இன்னும் நல்லது. வித்தியாசம் புதிதாக 2 செ.மீ. வந்தால் பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள். அழுத்தக் கட்டும் கையுறையும் தொடக்கத்தில் நன்றாக வேலை செய்யும்.

அந்தக் கையில் புண் படாமல் பார்ப்பதுதான் பாதித் தடுப்பு. அரிவாள்மணையில் வெட்டு, அடுப்புச் சூடு, பூந்தோட்டத்து முள், கொசுக்கடி எதுவானாலும் சோப்பால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஊசிக்கும் பி.பி.க்கும் மறு கையைக் கொடுங்கள். அவசரத்தில் அந்தக் கையில் போட்டுவிட்டால் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்புவதும் இந்தக் கணக்கில்தான். பீடி சுற்றுபவர் முறத்தை மடியில் வைத்து மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்காருவதால் கையில் நீர் தேங்கும். அரை மணிக்கு ஒருமுறை கையைத் தூக்கிப் பத்துத் தடவை விரல் மடக்கி விரிக்க வேண்டும். குடியாத்தம், ஆரணி தறிக்காரர்கள் நாடா இழுக்கும் கை ஆபரேஷன் பக்கமானால், இரண்டு மூன்று மாதம் கழித்து, நாளுக்கு ஒரு மணி என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு மணி ஏற்றுங்கள். அன்று மாலை கை கனத்தால் மறுநாள் ஒரு படி இறங்குங்கள். மெல்ல மெல்ல ஏற்றும் வேலை கையைக் கெடுக்காது. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நாற்று நடப் போவதுதான் கெடுக்கும்.

செக்கப் முதல் மூன்று ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை. மறு மார்புக்கு ஆண்டுதோறும் மேமோகிராம். இடையில் தழும்பில் புதுக் கட்டி, விடாத முதுகு வலி, விடாத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது என்று எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல், நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.